பள்ளி வாசலில் அழும் பேரப்பிள்ளை

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் மூத்தோர் நெஞ்சில் முதலில் எழுவது ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலும், அங்கே எழுந்தருளியிருக்கும் எம்பெருமானாரின் ‘தானுகந்த திருமேனி’யும்தான். 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீராமாநுசர் திருவவதாரம் செய்த மண் அது. இளைய தலைமுறைக்கோ அதே ஊர்ப்பெயர் வேலைவாய்ப்பின் பெயராகிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் இன்று வாடகை வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன.

அந்த வீடுகளில் பலவற்றில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ, மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தவர். சொந்த ஊரில் காலையில் கோயில், மாலையில் திண்ணை என்று இருந்தவருக்கு, இங்கே காலை ஒன்பது மணிக்கு ஒரு பெரிய கடமை காத்திருக்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளையை மழலையர் பள்ளியில் கொண்டுபோய் விட வேண்டும். பிள்ளையோ வாசற்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

சேர்த்த முதல் வாரத்தில் அழுவதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்களைத் திகைக்க வைப்பது வேறோர் அழுகை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளை, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த பின்போ, ஐந்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்த பின்போ, திடீரென்று போகமாட்டேன் என்கிறது. “போன வாரம் வரை போனவன்தானே, இப்போது என்ன வந்தது? எல்லாம் செல்லம்!” என்று வீட்டில் ஒரு குரல் எழும். “இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்கும் இதையே செய்வான்” என்று இன்னொரு குரல் துணை சேரும். அடம் என்று பெயர் சூட்டிவிட்டால் அடுத்து வருவது அதட்டல்தான். அதனால் இது அடமா அச்சமா என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘சாயங்காலம்’ என்பது ஒரு சொல்லே தவிர ஒரு நேரம் அன்று. ‘நாளை’யும் அப்படியே. தாய் கண்ணைவிட்டு மறைந்தால் கலங்கும் இயல்பு குழந்தைக்கு ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் தொடங்கி, மூன்று வயதை ஒட்டி மெல்லத் தணிகிறது. தணிந்த அச்சமும் நோயிலோ, இடமாற்றத்திலோ, நீண்ட விடுமுறையின் முடிவிலோ மீண்டும் தலைதூக்கும். ஊரில் பத்து நாள் அம்மாவின் மடியிலேயே கிடந்த பிள்ளைக்கு, அந்த மடியின் அருமை புதிதாகத் தெரிந்திருக்கிறது. அதை விட்டுப் போ என்றால் முதல் நாளைவிட இந்த நாள்தான் கடினம்.

தொழிற்சாலைப் பகுதிக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு என்றால், கம்பெனி பஸ் அதற்கு வெகுநேரம் முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். பிள்ளை உறங்கும்போதே தாய் புறப்பட்டுவிடுவாள். எழுப்பினால் அழும் என்று ஓசைப்படாமல் போவாள். பிள்ளை கண்விழிக்கும்போது இரவு பக்கத்தில் படுத்திருந்தவள் இல்லை. ஆக, ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் நடப்பது அந்தப் பிள்ளைக்கு அன்றைய முதல் பிரிவு அன்று, இரண்டாவது. ஏற்கெனவே ஒருவரை இழந்துவிட்ட காலைப்பொழுதில், கையிலிருக்கும் இன்னொருவரையும் விட்டுவிடு என்றால் கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? தகப்பனுக்கு இரவு ஷிப்ட் என்றால் இன்னும் விசித்திரம். அவர் பகலெல்லாம் வீட்டில் உறங்குகிறார். அப்பா வீட்டில் இருக்கும்போது தான் மட்டும் ஏன் வெளியே போக வேண்டும் என்ற பிள்ளையின் வழக்குக்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. ஷிப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பதும் மாறுகிறது. பெரியவர்களுக்கே நினைவில் நிற்காத இந்தக் கணக்கு பிள்ளைக்கு எப்படி நிற்கும்?

அழாத பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1952-இல் இலண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர் ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். இரண்டரை வயதை எட்டாத லாரா என்னும் சிறுமி, சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கியதை அப்படியே படம் பிடித்தார். அக்காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகளில் பெற்றோர் உடன் தங்குவதற்கில்லை. லாரா பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, இடையிடையே அம்மாவைக் கேட்டாள். அமைதியாக இருக்கும் பிள்ளை பழகிவிட்ட பிள்ளை என்று அதுவரை செவிலியர் நம்பியிருந்தனர். அந்த அமைதிக்குள் எவ்வளவு துயரம் இருந்தது என்பதைப் படம் காட்டிவிட்டது. ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய மருத்துவர் ஜான் பௌல்பியும் இடைவிடாமல் எடுத்துச் சொன்னதன் பயனாக, 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்தது. நம் வீடுகளில் “என் பேரன் அழவே மாட்டான், சமர்த்து” என்று பெருமை பேசும்போது, அந்தச் சமர்த்தின் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.

இந்த அச்சத்தைத் தமிழ்நாடு முழுவதும் ஒரே வேளையில் கண்ட காலமும் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடிய மழலையர் பள்ளிகள், 2022 பிப்ரவரி 16 அன்றுதான் திறக்க அனுமதி பெற்றன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! நான்கு வயதுப் பிள்ளைக்கு அது பாதி வாழ்நாள். வெளியே போகாதே, யாரையும் தொடாதே, முகத்தை மூடிக்கொள் என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளை ஒரே நாளில் அந்நியர் முப்பது பேர் நடுவில் உட்காரச் சொன்னோம். அன்று எந்தப் பாட்டியும் ‘செல்லம்’ என்று சொல்லவில்லை. பயம் நியாயமானது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தன்னந்தனியாக ஒரு பிள்ளை அழும்போது மட்டும் அந்த நியாயம் ஏனோ நமக்கு மறந்துவிடுகிறது.

எம்பெருமானாரின் வாழ்விலேயே, கற்கப் போன இடத்தில் அச்சம் நேர்ந்த வரலாறு உண்டு. குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கும் அந்நிகழ்ச்சியைப் பெரியோர் அறிவர். இளையாழ்வார் என்னும் பெயருடன் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட காலம். மாணவரின் அறிவொளி கண்டு பொறாத ஆசிரியர், காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று கங்கையில் முடித்துவிட எண்ணினார். சிறிய தாயாரின் மகனான கோவிந்தர் உடன் சென்றிருந்தார். மதுரமங்கலத்தில் பிறந்து, பின்னாளில் எம்பார் என்று புகழ்பெற்றவர் அவரே. விந்தியக் காட்டில் அவர் சமயம் பார்த்து உண்மையைச் சொல்லித் தப்பிப் போகச் செய்தார். இருட்டில் வழி தெரியாமல் திகைத்த இளையாழ்வாருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் துணையாக வந்தனர். இரவெல்லாம் கூடவே நடந்தனர். விடியற்காலையில் அவர்களுக்காகச் சாலைக் கிணற்றில் தண்ணீர் முகந்து வந்து பார்த்தால் இருவரையும் காணவில்லை. சற்றுத் தொலைவில் தெரிந்தது காஞ்சி, வரதனின் விமானம். துணை வந்தவர் யாவர் என்பது அப்போது விளங்கிற்று.

இந்த வரலாற்றில் பேரன் பேத்தியை வளர்ப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கோவிந்தர் செய்தது. ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆபத்து எப்படி இருக்கும் என்று அவர் வாளாவிருக்கவில்லை. அச்சத்துக்குக் காரணம் இருக்கக்கூடும் என்று ஏற்று, உரியவரிடம் உரிய நேரத்தில் சொன்னார். மற்றொன்று, வேடுவத் தம்பதியர் செய்தது. “காடு ஒன்றும் செய்யாது, பயப்படாதே, போ” என்று அவர்கள் உபதேசம் செய்ததாக வரலாறு சொல்லவில்லை. கூட நடந்தார்கள். தெரிந்த இடம் கண்ணில் படும்வரை நடந்தார்கள். சொல்லாமல் மறைந்தார்களே என்றால், அது பேரருளாளனுக்குத் தகும். பள்ளி வாசலில் நிற்கும் தாத்தாவுக்குத் தகாது.

உண்மையில் தாத்தா பாட்டிகள் மிகுதியாகச் செய்யும் பிழை அதுதான். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நழுவிவிடுவது. “இதோ வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. அன்றைக்கு அழுகை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்று கண்ட பிள்ளை, கண்ணை எடுத்தால் மனிதர்கள் மறைந்துபோவார்கள் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. மறுநாள் பொம்மையையே பார்க்காது. பாட்டியின் முந்தானையை மட்டுமே பார்க்கும். வீட்டிலும் பாட்டி குளிக்கப் போனால் கதவைத் தட்டும். சொல்லிக்கொண்டு போவது கடினம்தான். அழுகையை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். என்றாலும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு முத்தம், ஒரே ஒரு வாக்கியம், பிறகு திரும்பிப் பாராமல் நடை. வாசலில் நின்று மூன்று முறை திரும்பி வந்து கண்ணைத் துடைத்தால், இந்த இடம் ஆபத்தானது என்று பாட்டியே நினைக்கிறாள் போலும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

அந்த ஒரு வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். “மூன்று மணிக்கு வருவேன்” என்பது பிள்ளைக்குப் பயன்படாது. “சாப்பாடு சாப்பிடுவாய், படுத்துத் தூங்குவாய், எழுந்து பாட்டுப் பாடுவாய், பாடி முடித்ததும் ஆயா வாசலில் நிற்பேன்” என்றால் புரியும். பள்ளியின் வழக்கம் என்ன என்று ஆசிரியையிடம் கேட்டு, அந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். சொன்ன வேளைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றுவிட வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு இது மாலைச் சந்தியைவிடத் தவறக்கூடாத நியமம் என்று கொள்ளலாம்.

ஆயா என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. வட மாவட்டங்களில் பல குடும்பங்களில் பாட்டியைத்தான் பிள்ளைகள் ஆயா என்று அழைக்கும். மழலையர் பள்ளியில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் ஆயா என்றே பெயர். “ஆயா வருவாங்க, அழாதே” என்று ஆசிரியை சமாதானம் சொல்ல, பிள்ளை ஆவலோடு கதவைப் பார்க்க, வருபவர் வேறு யாரோ! பெரியவர்களுக்குச் சிரிப்பு, பிள்ளைக்கு ஏமாற்றம். வீட்டில் என்ன பெயரால் யாரை அழைக்கிறது என்பதை ஆசிரியைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் அன்று, எல்லாச் சொல்லுமே இப்படித்தான். ‘தண்ணீர்’ என்று கேட்கத் தெரியாமல் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே வாசலில்தான் அழுகிறது. அதன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகும் பாட்டிக்கு இரண்டு பிள்ளைகளின் அச்சமும் பாதியாகக் குறைவதைக் காணும் வாய்ப்பு உண்டு.

ஷிப்ட் கணக்குக்கு ஓர் எளிய வழி. பெரும்பாலான வீடுகளில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தினசரி நாட்காட்டி தொங்கும். காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். அம்மா காலை ஷிப்ட் போகும் நாளின் தாளில் முதல் நாள் இரவே அம்மாவின் விரலால் ஒரு குங்குமப் பொட்டு. அப்பா பகலில் வீட்டில் உறங்கும் நாளில் ஒரு சந்தனப் பொட்டு. உறங்கப் போகுமுன் தாய் பிள்ளையின் அருகில் அமர்ந்து, “நீ எழுந்திருக்கும்போது அம்மா இருக்கமாட்டேன், நாட்காட்டியில் என் பொட்டு இருக்கும், நீ விளையாடிக்கொண்டிருக்கும்போது வந்துவிடுவேன்” என்று சொல்லட்டும். கண்விழித்ததும் பிள்ளை ஓடிப்போய் அந்தப் பொட்டைப் பார்க்கும். சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்ற உறுதியோடு தொடங்கும் காலை வேறு. வெறும் பாயில் தொடங்கும் காலை வேறு.

பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிறு மாலையில், கோயிலுக்குப் போகும் வழியில் பள்ளித் தெருவையும் ஒருமுறை சுற்றி வரலாம். பூட்டிய வாசலைக் காட்டி, உள்ளே இருக்கும் ஊஞ்சலைப் பற்றியும், பெயர் தெரிந்த ஒரு தோழனைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினால் போதும். வீட்டில் பிள்ளையை ஆசிரியையாக உட்காரவைத்துத் தாத்தா மாணவராக அழுது காட்டலாம். பிள்ளை எப்படி அதட்டுகிறது, எப்படிச் சமாதானம் செய்கிறது என்பதைக் கவனித்தால் வகுப்பறையில் நடப்பது ஓரளவு தெரிந்துவிடும். ஏன் அழுகிறாய் என்று நூறு முறை கேட்டும் வராத விடை அந்த விளையாட்டில் வந்துவிடுவதுண்டு.

வரும் விடை பல வேளை மிகச் சிறியதாக இருக்கும். டிபன் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. கால்சட்டைப் பொத்தான் அவிழவில்லை. கழிவறை இருட்டாக இருக்கிறது. அதனால் அடக்கிக்கொண்டே இருந்து ஒரு நாள் நனைத்துவிட்டது, மற்ற பிள்ளைகள் சிரித்தன. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாக வற்புறுத்தியவற்றுள் இவையும் அடங்கும்: பொத்தான் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, தன் பொருளைத் தானே எடுத்து வைப்பது. தன் வேலையைத் தானே செய்துகொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு அந்நியர் நடுவில் கலக்கம் குறைவு. பாட்டி ஊட்டிவிட்டே பழக்கிய கைக்கு, ஊட்ட ஆளில்லாத இடம் காடுதான். இழுத்தால் கழலும் எலாஸ்டிக் கால்சட்டையும், எளிதில் திறக்கும் டப்பாவும், நாலு நாள் பொறுமையும் இருந்தால் இந்த அச்சங்களில் பாதி தீர்ந்துவிடும்.

விடை எப்போதும் இவ்வளவு சிறியதாக இருந்துவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொன்னதும் பிள்ளை நடுங்கினால், உடம்பில் காரணம் தெரியாத தழும்பு இருந்தால், நின்றிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் வந்தால், குளிப்பாட்டும்போது சில இடங்களைத் தொடவிடாமல் அலறினால், அங்கே பாட்டியின் வேலை பிள்ளையைத் தேற்றி அனுப்புவது அன்று. கோவிந்தர் செய்ததைச் செய்ய வேண்டும். அன்றே பெற்றோரிடம் சொல்லி, பள்ளித் தலைமையைச் சந்தித்து, காரணம் விளங்கும்வரை பிள்ளையை அனுப்பாதிருப்பதே முறை. “வெளியில் தெரிந்தால் மானம் போகும்” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பிரகலாதனின் ஆசிரியர்கள் கைதேர்ந்த அந்தணர்கள் என்பதற்காக அந்தப் பிள்ளை பட்ட பாடு பாடல்லாமல் போய்விடவில்லை.

பள்ளியில் யாரும் அடிக்காமலே பிள்ளைக்கு அச்சம் ஊட்டுவது சில வேளை வீடுதான். சோறு உண்ணாவிட்டால் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன், குறும்பு செய்தால் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று பூச்சாண்டிக்குப் பதிலாக ஆசிரியையைப் பயன்படுத்திக்கொள்கிறோம். இரவு வரை பூச்சாண்டியாக இருந்தவரிடம் காலையில் சிரித்துக்கொண்டு போ என்றால் பிள்ளைக்கு விளங்குமா?

வல்லக்கோட்டை முருகன் சந்நிதியிலோ ஊர் எல்லையம்மன் கோயிலிலோ திருநீறு இட்டு, கயிறு கட்டி, கண்ணேறு கழிப்பதும் பெரியவர்களின் வழக்கம். அதில் குறை ஒன்றுமில்லை. பாட்டியின் மனம் தெளிந்தால் அந்தத் தெளிவு பிள்ளைக்கும் ஒட்டும். “முருகன் கூட இருக்கிறான்” என்ற சொல் ஒரு பிஞ்சு மனத்துக்குச் சிறிய துணை அன்று. ஆனால் கயிறு கட்டியாயிற்று, இனி அழக்கூடாது என்று பிள்ளையின் வாயைக் கட்டுவதற்கு அது கருவியாகிவிடக் கூடாது. கயிறு கட்டிய மறுநாளும் மேற்சொன்ன அத்தனை வேலையும் அப்படியே இருக்கின்றன.

வெளியே சொல்லப்படாத ஒன்றும் இதில் உண்டு. சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்து, பேச்சுத்துணை இல்லாத வாடகை வீட்டில் பகலெல்லாம் தனித்திருக்கும் முதியவருக்கு அந்தப் பேரப்பிள்ளைதான் உலகம். ஒன்பது மணிக்குப் பிள்ளை போய்விட்டால் மூன்று மணி வரை சுவரும் தொலைக்காட்சியும்தான். பிள்ளை போகமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும் காலையில், மனத்தின் ஓர் ஓரத்தில் சின்னஞ்சிறு மகிழ்ச்சி துளிர்க்காமல் இராது. “பாவம், இன்றைக்கு இருக்கட்டும்” என்ற சொல் அங்கிருந்துதான் பிறக்கிறது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அன்பின் இயல்பு அது. ஆயினும் ஒரு நாள் தங்கவிட்டால் மறுநாள் வாசல் இன்னும் உயரமாகிவிடுகிறது. நோயில்லாத நாளில், மேற்கண்ட ஐயங்கள் எதுவும் இல்லாத நாளில், அரை நாளாவது போய்வருவதே பிள்ளைக்கு எளிது. அந்த நேரத்தில் முதியவருக்கும் போக ஓர் இடம் வேண்டும். ஆதிகேசவர் கோயில் மண்டபத்தில் முற்பகலில் நிழலும் இருக்கும். பிள்ளையை விட்டுவிட்டு வந்த வேறு இரண்டு பாட்டிகளும் இருக்கக்கூடும்.

பெற்றோரும் இதைப் பாட்டியின் தலையில் மட்டும் போட்டுவிட்டு இருப்பதற்கில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தை விதித்து, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று பிள்ளையைப் பார்க்கவும் வழி செய்தது. தம் நிறுவனத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று மருமகளும் மகளும் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் அங்கன்வாடி பக்கத்திலேயே இருந்தால், தொலைவிலுள்ள பெரிய கட்டடத்தைவிட நடந்து போகும் தூரத்திலுள்ள அந்தச் சிறிய அறை பிள்ளைக்கு இனிதாக இருப்பதும் உண்டு. வாரம் ஒரு நாளாவது, ஷிப்ட் இல்லாத காலையில், தாயோ தந்தையோ தாமே பள்ளிக்குக் கொண்டுவிடுவது நல்லது. அன்று அழுகை சற்று மிகுந்தே இருக்கும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரங்களில் வாசல் அழுகை அடங்குகிறது. திங்கட்கிழமைகளில் மட்டும் சற்று எட்டிப் பார்க்கும். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இன்னொரு முறை வரலாம். அப்போது நாட்காட்டியில் பொட்டு வைக்கும் வேலையைப் பிள்ளையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.